எல்.எஸ்.யு. பேஸ்பால் 2026: சீசன் தொடங்கும் முன் எழும் கேள்விகள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜ். அங்கிருக்கும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்தான் கல்லூரி பேஸ்பாலின் நடப்புச் சாம்பியன். எல்லோரும் எல்.எஸ்.யு. என்றே சொல்வார்கள், அணியின் பெயர் டைகர்ஸ். புதிய சீசன் 2026 பிப்ரவரி 13 அன்று தொடங்குகிறது. படிப்புக்கும் வேலைக்கும் அமெரிக்கா போன பிறகு இந்த ஆட்டத்தில் ஈடுபாடு வந்த தமிழர்களை மனத்தில் வைத்து இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். பேஸ்பாலின் அடிப்படை விதிகள் தெரிந்திருந்தால் போதும்.

போன சீசனில் எல்.எஸ்.யு. எப்படி வென்றது?

நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் ஒவ்வொரு ஜூனிலும் எட்டு அணிகள் மோதும் கல்லூரி உலகத் தொடர் நடக்கும். 2025 இறுதிச் சுற்றில் எல்.எஸ்.யு. சந்தித்தது கோஸ்டல் கரோலைனாவை. முதல் ஆட்டம் 1-0. இடக்கைப் பிட்சர் கேட் ஆண்டர்சன் ஒன்பது இன்னிங்ஸையும் தானே வீசி, மூன்றே ஹிட்களைக் கொடுத்து, பத்து பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். மறுநாள் ஜூன் 22 அன்று 5-3. கோப்பை கையில், பல்கலைக்கழகத்துக்கு அது எட்டாவது பட்டம்.

பயிற்சியாளர் ஜே ஜான்சனுக்கு இதில் ஒரு பழைய கணக்கும் தீர்ந்தது. 2016-இல் அவர் அரிசோனா பல்கலைக்கழக அணியை இறுதிவரை கொண்டுபோய்த் தோற்றது இதே கோஸ்டல் கரோலைனாவிடம்தான்.

அந்த அணி அப்படியே இருக்கிறதா?

இல்லை. கல்லூரி விளையாட்டில் எந்த அணியும் அப்படியே இருப்பதில்லை. ஆனால் யார் போனார்கள் என்பதைவிட எந்த இடத்திலிருந்து போனார்கள் என்பதுதான் முக்கியம்.

2025 ஜூலையில் நடந்த தொழில்முறைத் தேர்வில் (டிராஃப்ட்: தொழில்முறை அணிகள் முறைவைத்து ஆள் எடுப்பது) ஆண்டர்சனை மூன்றாவது ஆளாக சியாட்டில் மரைனர்ஸ் எடுத்துக்கொண்டது. அவருக்கு அடுத்த நிலைப் பிட்சர் ஆன்டனி அயான்சன் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பக்கம் போய்விட்டார். முதல் பேஸில் நின்று பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்த ஜேரட் ஜோன்ஸ், இரண்டாம் பேஸின் டேனியல் டிக்கின்சன், பேட்டர் ஈதன் ஃப்ரே ஆகியோரும் தொழில்முறைக்குப் போய்விட்டார்கள்.

பேட்டர்களின் இடத்தை நிரப்பிவிடலாம் என்றே நினைக்கிறேன். என் கவலை பிட்சிங்தான். 2025-இல் ஆண்டர்சன் 119 இன்னிங்ஸ் வீசி 180 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். நாட்டிலேயே அதுதான் அதிகம். அயான்சன் 108 இன்னிங்ஸில் 152. இரண்டு கைகளில் 227 இன்னிங்ஸ், 332 ஸ்ட்ரைக் அவுட். இந்தப் பள்ளத்தை யார் நிரப்பப்போகிறார்கள் என்பதே இந்த அணியைப் பற்றிய முதல் கேள்வி. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெள்ளி, சனி, ஞாயிறு பிட்சர் என்று பிரித்துச் சொல்கிறார்களே, அது என்ன?

கல்லூரி அணிகள் பெரும்பாலும் வார இறுதியில் ஒரே எதிரணியுடன் மூன்று நாள், மூன்று ஆட்டம் ஆடும். முழு வேகத்தில் ஏறக்குறைய நூறு பந்துகள் வீசிய கைக்கு ஒரு வாரம் ஓய்வு வேண்டும். ஆகவே ஆட்டத்தைத் தொடங்க மூன்று பேர் தேவை. முதல் தரப் பிட்சருக்கு வெள்ளி, அடுத்தவருக்குச் சனி, மூன்றாமவருக்கு ஞாயிறு என்பது எழுதப்படாத வழக்கம். இடையே செவ்வாயன்று பக்கத்துக் கல்லூரியுடன் ஓர் ஆட்டம் வரும். அதற்கு நான்காவது ஆள். பல அணிகளில் அது ஒரு முதலாண்டுப் பையனுக்கான பரீட்சை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே நல்ல பந்துவீச்சாளர் ஒருவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் வருவார். இங்கே எவ்வளவு பெரிய பிட்சரானாலும் வாரத்துக்கு ஒரு முறைதான் தொடங்குவார். அதனால் ஓர் அணியின் உயரத்தை வெள்ளிக்கிழமையில் பார்க்கலாம், ஆழத்தை ஞாயிற்றுக்கிழமையில் பார்க்கலாம்.

சரி, இந்த முறை அந்த மூன்று பேர் யார்?

வெள்ளிக்கிழமைக்கு வலக்கைப் பிட்சர் கேசன் எவன்ஸ். இதில் பெரிய விவாதம் இல்லை. முதலாண்டில் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுக்கும் வேலையில் தொடங்கி, சீசன் போகப் போகத் தொடக்கப் பிட்சராகவும் உயர்ந்தவர். ஐந்து வெற்றி, ஒரு தோல்வி, ஏழு சேவ் (முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டங்கள்); ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 2.05. 2025 ஜூனில் சொந்த மைதானத்தில் நடந்த முதல் சுற்றிலேயே லிட்டில் ராக் என்ற சிறிய கல்லூரி எல்.எஸ்.யு.வை 10-4 என்று அடித்து, கடைசி ஆட்டம் வரை இழுத்துவிட்டது. அந்தக் கடைசி ஆட்டத்திலும் எல்.எஸ்.யு. பின்தங்கியிருந்த வேளையில் நடுவில் இறங்கித் தாங்கிப் பிடித்தவர் எவன்ஸ். அன்று அவர் தடுமாறியிருந்தால் ஒமாஹாவும் இல்லை, கோப்பையும் இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: பிப்ரவரி முதல் ஜூன் வரை வாராவாரம் தொடக்கப் பிட்சராக அவர் இன்னும் ஒரு முழு சீசன் வீசியதில்லை.

சனிக்கிழமைக்கு கான்சஸ் பல்கலைக்கழகத்திலிருந்து மாறிவந்த கூப்பர் மூர் என்பது என் கணிப்பு. பந்தைச் சொன்ன இடத்தில் வைப்பவர். ஒரு பெரிய லீகில் வார இறுதிகளைத் தொடங்கிப் பழகியவர். இந்த அணிக்கு இப்போது தேவை அந்தப் பழக்கம்தான்.

ஞாயிறுதான் சுவாரசியம். வில்லியம் ஷ்மிட் பேட்டன் ரூஜிலேயே பள்ளி முடித்த உள்ளூர்ப் பையன். 2024-இல் தொழில்முறை அணிகள் பெரிய தொகையோடு காத்திருந்தும், வேண்டாம் என்று எல்.எஸ்.யு.வுக்கு வந்தவர். வேகமும் உண்டு, வளைந்து விழும் கர்வ் பந்தும் உண்டு. முதலாண்டில் சில நாள் பிரமாதம், சில நாள் ஸ்ட்ரைக் பகுதியையே தேட வேண்டியிருந்தது. அவர் வளர்ந்து நின்றுவிட்டால் இந்த அணிக்குத் தோல்வித் தொடர் என்பதே அரிதாகிவிடும். நிற்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் 11-9 என்கிற மாதிரி ஸ்கோர்களைப் பார்க்கத் தயாராக இருங்கள்.

ஆண்டர்சனும் இப்படித்தான் வந்தார் என்பதை மறக்க வேண்டாம். பள்ளிப் பருவத்தில் முழங்கை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அவர், 2024-இல் முதலாண்டு மாணவராகப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. ஓராண்டில் நாட்டின் தலைசிறந்த பிட்சர்களில் ஒருவரானார். அப்போதும் இப்போதும் பிட்சிங் பயிற்சியாளர் நேட் யெஸ்கிதான். எனக்கு நம்பிக்கை தருவது பெயர்ப் பட்டியலைவிட இதுதான்.

இரண்டாம் பாதியில் வீசுபவர்கள்?

ஜாக் கோவன் திரும்பியிருக்கிறார். மெதுவாக வந்து பேட்டரை ஏமாற்றும் சேஞ்ச்-அப் பந்துதான் அவர் ஆயுதம். மூன்று இன்னிங்ஸ் வேண்டுமா, ஒரே ஒரு பேட்டரை மட்டும் வெளியேற்ற வேண்டுமா, இரண்டுக்கும் வருவார். மற்ற இடங்கள் மார்ச் நடுப்பகுதி வரை மாறிக்கொண்டே இருக்கும்.

இன்ஃபீல்டில் போட்டி கடுமையா?

ஷார்ட்ஸ்டாப் இடத்தில் போட்டி இல்லை. ஸ்டீவன் மைலம் மூன்றாம் ஆண்டு மாணவர். இரு பக்கமும் நின்று அடிப்பவர். முதலாண்டில் இரண்டாம் பேஸில் நின்றார், இரண்டாம் ஆண்டு ஷார்ட்ஸ்டாப்புக்கு நகர்ந்தார்.

அவரைச் சுற்றியுள்ள மூன்று இடங்களும் புதியவர்களுக்குத்தான். முதல் பேஸுக்கு கிராண்ட் கேன்யன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த சாக் யார்க். நல்ல கனத்த உடல்வாகு கொண்ட இடக்கை பேட்டர். ஆனாலும் கண்டபடி மட்டையை வீசாமல், பொறுமையாகப் பந்தைப் பார்த்து அடிப்பவர். மூன்றாம் பேஸுக்கு ஆரகன் ஸ்டேட்டிலிருந்து டிரென்ட் கேரவே. அவரும் 2025-இல் ஒமாஹாவில் ஆடியவர், ஆகவே பெரிய மேடை புதிதல்ல.

இரண்டாம் பேஸில்தான் இழுபறி. கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து வந்த செத் டார்டரும், ஹை பாயின்ட்டிலிருந்து வந்த பிரேடன் சிம்ப்சனும் மட்டையை வைத்து உள்ளே வரக்கூடியவர்கள். ஒருவர் பேஸில் நின்றால் இன்னொருவருக்கு, பீல்டிங் இல்லாமல் பேட்டிங் மட்டும் செய்யும் இடம் கிடைக்கலாம். சிம்ப்சனைப் போலச் சிறிய லீகில் ஹோம் ரன்களாகக் குவித்தவர், வாராவாரம் மணிக்கு 95 மைல் வேகத்தைச் சந்திக்கும்போது என்ன செய்வார் என்பது எப்போதும் ஒரு சூதாட்டம்தான்.

கேட்சர் இடம் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத வேலை அங்கேதான் நடக்கிறது. போன சீசனில் அனுபவசாலி லூயிஸ் ஹெர்னாண்டஸ் பெரும்பங்கைச் சுமந்தார். இப்போது இரண்டாம் ஆண்டு மாணவர் கேட் அராம்பிடே முன்னால் நிற்கிறார். அவருடைய மட்டையில் நல்ல பலம் உண்டு. முதலாண்டு மாணவர் ஓமர் செர்னா பின்னாலேயே வருகிறார்.

போட்டி எப்படி அளக்கப்படுகிறது என்று பாருங்கள். ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸ் 127 அடி. பந்து கேட்சரின் கையுறையில் விழும் நொடியிலிருந்து இரண்டாம் பேஸில் நிற்பவர் கையுறைக்குப் போய்ச் சேரும் வரை ஸ்டாப்வாட்ச் ஓடும். இரண்டு நொடி என்றால் பரவாயில்லை, 1.9 என்றால் பயிற்சியாளர் தலையாட்டுவார். பிட்சர் அசையத் தொடங்கி, பந்து கேட்சரின் கையுறைக்கு வரவே 1.3 நொடி ஆகிறது. அந்த இரண்டு நொடியோடு கூட்டினால் 3.3. ஓரளவு வேகமான ஓட்டக்காரன் இரண்டாம் பேஸைத் திருட எடுத்துக்கொள்வதும் ஏறத்தாழ அவ்வளவுதான். கையுறையிலிருந்து பந்தை வெறுங்கைக்கு மாற்றும்போது விரல் தையலில் சரியாக உட்காரவில்லை என்றால் அந்தப் பத்தில் ஒரு பங்கு நொடி போய்விடும். பயிற்சியில் இந்த ஒரு அசைவை மட்டும், வீசாமலே, திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார்கள்.

அவுட்ஃபீல்ட்?

டெரெக் குரியலும் ஜேக் பிரவுனும் இருக்கும் வரை கவலையில்லை. குரியல் முதலாண்டிலேயே பேட்டிங் சராசரி .345 எடுத்தவர். இரண்டாம் ஆண்டுதான் என்றாலும் வயதுக் கணக்கில் இந்த ஜூலையிலேயே தொழில்முறைத் தேர்வுக்குத் தகுதி பெற்றுவிடுவார். இன்னொரு வருடம் இவரைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

34 பேர் என்ற வரம்பு என்ன? இதனால் யாருக்கு நஷ்டம்?

முன்பெல்லாம் ஒரு பேஸ்பால் அணி முழுவதற்கும் 11.7 உதவித்தொகைதான். பன்னிரண்டுகூட இல்லை. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து இரண்டு டஜனுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுப்பார்கள். ஒருவருக்குப் பாதிக் கட்டணம், ஒருவருக்குக் கால். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் தந்த ஹவுஸ் வழக்கு (கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றியது) உடன்படிக்கை இதைத் தலைகீழாக்கியது. உடன்படிக்கையில் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் 34 பேரை வைத்துக்கொள்ளலாம். விரும்பினால் 34 பேருக்கும் முழு உதவித்தொகை கொடுக்கலாம்.

பணக்கார அணிகளுக்கு இது கொண்டாட்டம். உதவித்தொகை இல்லாமல், பெயருக்காவது அணியில் இருந்து, மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் வாய்ப்புக்குக் காத்திருந்த பையன்களுக்குத்தான் அடி. இலையுதிர்காலத்தில் கூடுதல் ஆட்கள் பயிற்சிக்கு வந்தாலும் டிசம்பர் தொடக்கத்துக்குள் பட்டியலை 34-க்குச் சுருக்கியாக வேண்டும். சீசன் தொடங்குவதற்கு இரண்டரை மாதம் முன்பே சிலருக்கு எல்லாம் முடிந்துவிடுகிறது. இந்த மாற்றத்தால் ஆட்டத்தின் தரம் உயரும். அணியின் கடைசி ஐந்தாறு இடங்களில் இருந்த உள்ளூர்த்தன்மை குறையும். எனக்கு இரண்டாவது விஷயம் வருத்தம்தான்.

ஒரே வருடத்தில் இத்தனை புதியவர்கள் எப்படி வருகிறார்கள்?

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக. கல்லூரி மாற விரும்பும் வீரர் தன் பெயரை அதில் பதிவு செய்தால் மற்றப் பயிற்சியாளர்கள் அவருடன் பேசலாம். ஜூன் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம் வாசல் திறந்திருக்கும். ஒமாஹா நடப்பதும் அதே மாதத்தில்தான்! பட்டத்துக்காக ஆடிக்கொண்டே அடுத்த வருட அணிக்கும் ஆள் பிடிக்க வேண்டும். ஜூலையில் தொழில்முறைத் தேர்வு வந்து சிலரைக் கொத்திக்கொண்டு போகும். அதுவரை யார் மிஞ்சுவார் என்று எந்தப் பயிற்சியாளருக்கும் உறுதியாகத் தெரியாது. ஜான்சன் இந்த வித்தையில் கைதேர்ந்தவர். 2023 பட்டத்தின் நாயகன் பால் ஸ்கீன்ஸ் விமானப்படைக் கல்லூரியிலிருந்து வந்தவர். அயான்சன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்திலிருந்து வந்தவர்.

யார் ஆடுவது என்று எப்போது முடிவாகிறது?

பாதி இலையுதிர்காலத்திலேயே முடிவாகிவிடும். செப்டம்பர் முதல் சில வாரங்கள் அணியை இரண்டாகப் பிரித்துத் தங்களுக்குள் ஆடுவார்கள், எல்.எஸ்.யு.வில் ஊதா அணி, தங்க அணி என்று தனித் தொடரே உண்டு. ஜனவரி இறுதியில் முழுப் பயிற்சி மறுபடி தொடங்கும். எந்தப் பந்து எத்தனை முறை சுழன்றது, மட்டையை விட்டு எந்த வேகத்தில் கிளம்பியது என்று ஒவ்வொன்றையும் கருவி பதிவு செய்யும். ஆனாலும் சீசனின் முதல் மூன்று வாரங்களில் பேட்டிங் வரிசை நாளுக்கு நாள் மாறினால் குழம்ப வேண்டாம். அந்த வாரங்களைப் பயிற்சியாளர்கள் நீட்டிக்கப்பட்ட தேர்வாகவே நடத்துகிறார்கள்.

சீசனுக்கு முந்தைய தரவரிசையை நம்பலாமா?

இந்த முறை டி1பேஸ்பால் தளத்தின் பட்டியலில் முதலிடம் லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு, எல்.எஸ்.யு. இரண்டாவது. யு.சி.எல்.ஏ.வின் ஷார்ட்ஸ்டாப் ராக் சோலோவ்ஸ்கி 2026 தொழில்முறைத் தேர்வின் முதல் ஆளாகப் போவார் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது.

போன வருடம் இதே நேரத்தில் முதலிடத்தில் இருந்தது டெக்சஸ் ஏ அண்ட் எம். அவர்கள் 64 அணிகள் ஆடும் தேசியத் தொடருக்கே தகுதி பெறவில்லை. அந்தத் தேசியத் தொடரின் முதல்நிலை அணியான வாண்டர்பில்ட் சொந்த ஊரில் முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஆகவே தரவரிசையைப் படியுங்கள், திறமை எங்கே குவிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பந்தயம் கட்டாதீர்கள்.

தொடர்ந்து இரண்டாவது முறை வெல்ல முடியுமா?

கடைசியாக அதைச் செய்தது சவுத் கரோலைனா, 2010-லும் 2011-லும். அதன் பிறகு ஒருவரும் இல்லை. மிசிசிப்பி ஸ்டேட் 2021-இல் வென்று அடுத்த ஆண்டு தேசியத் தொடருக்கே போகவில்லை. 2022-இல் வென்ற ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அடுத்த ஆண்டு லீகில் 6 வெற்றி, 24 தோல்வி. எல்.எஸ்.யு.வும் 2023-இல் வென்று 2024-இல் சேப்பல் ஹில் ஊரில் முதல் சுற்றோடு திரும்பியது. அந்த 2024 அணியின் கதையும் இதுதான்: தேர்வில் முதல் இரண்டு ஆட்களாகப் போன ஸ்கீன்ஸ், டிலன் க்ரூஸ் இருவரையும் ஒரே கோடையில் இழந்திருந்தது.

இந்த அணி அதைவிடச் சமநிலையானது என்று நினைக்கிறேன். ஒமாஹா வரை போகும் என்பது என் கணிப்பு. கோப்பை பற்றி ஏப்ரலில் ஷ்மிட் எத்தனை பேருக்கு இலவச பேஸ் கொடுத்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

லீகில் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

எல்.எஸ்.யு. ஆடும் எஸ்.இ.சி. (தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) லீகில் 16 அணிகள்; பத்து வார இறுதிகள், முப்பது ஆட்டங்கள். டெக்சஸும் ஆர்கன்சாவும் எப்போதும் ஆபத்து. மிசிசிப்பி ஸ்டேட், வெர்ஜீனியாவை 2015-இல் சாம்பியனாக்கிய பிரையன் ஓ'கானரைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்திருக்கிறது. 2024 சாம்பியன் டென்னசியின் நிலைதான் மர்மம். அவர்களுடைய பயிற்சியாளர் டோனி விட்டெல்லோ 2025 அக்டோபரில் தொழில்முறை அணியான சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் மேலாளராகப் போய்விட்டார். கல்லூரியிலிருந்து நேராகத் தொழில்முறையின் உச்ச லீகுக்கு அப்படி ஒருவர் போவது கேள்விப்படாத விஷயம்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பார்ப்பவர்களுக்கு நேரம்?

பேட்டன் ரூஜில் வெள்ளி மாலை 6.30 மணி என்றால் நமக்குச் சனி காலை 6 மணி. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். அதன் பிறகு காலை 5 மணி. ஞாயிறு ஆட்டங்கள் அங்கே பிற்பகலில் நடப்பதால் நமக்கு நள்ளிரவை ஒட்டி வரும். வேலைக்குப் போகிறவர்கள் வெள்ளி ஆட்டத்தை நேரலையில் பார்த்துவிட்டு, ஞாயிறு ஆட்டத்துக்குத் திங்கள் காலையில் ஸ்கோர் அட்டையைப் பாருங்கள். அதில் முதலில் தேட வேண்டியது தொடக்கப் பிட்சர் எத்தனை இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தார் என்பதை.